இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கராவும் நாமும்

நூற்றாண்டு மலருக்கு எம்மிடம் கட்டுரை கேட்ட மலர்க்குழுச் சகோதரிகள் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ நான்கு பக்கம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியர் ஒருவரிடம் வேறு எதைக் கேட்பது? ஆனால் கடந்த பொதுக்கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சு எம்மை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம். முதலில் ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இம்மலரில் எமது பாடசாலைக்குக் காணி கொடுத்தவர்கள், கிடுகுக் கொட்டிலில் முதல் வகுப்பு நடத்திய ஆசிரியர்கள், அதிபர்கள், நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் பக்கங்கள் உண்டு. அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் அருள் புரிவானாக. அம்பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றில் பிறந்து, எமது குடாநாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வாழ்ந்து மறைந்த ஒருவருக்கு அப்பட்டியலில் இடம் கிடைத்திருக்காது. ஆயினும் நுரைச்சோலை, ஆலங்குடா, கரம்பை, திகழி, மாம்புரி என்று ஊர் ஊராக பஸ் ஏறி வந்து படித்த எம்மில் எவரும் கட்டணம் செலுத்திப் படித்ததில்லை. அந்த நிலையை உண்டாக்கியவர் கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா.

அவர் பிறந்தது 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி, ரன்தொம்பே என்ற கிராமத்தில். தகப்பனார் பலப்பிட்டியில் நீதிமன்றத்தோடு தொடர்பான பிஸ்கால் உத்தியோகத்தில் இருந்தார். தாயார் இளமையிலேயே காலமானார். சிறுவன் அம்பலாங்கொடையில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தான். அங்கே ஒரு பரிசளிப்பு விழா. காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் ஜேம்ஸ் ஹோர்ன் டரல் பாதிரியார் பிரதம விருந்தினர். பரிசு கொடுக்கக் கொடுக்க அதே பையனே மேடைக்கு வந்துகொண்டிருந்தானாம். புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி பிடிக்க வேண்டியிருக்கும் என்று பாதிரியார் வேடிக்கையாகச் சொன்னதாக அக்கதை இன்றும் சொல்லப்படுகிறது. வேடிக்கையோடு நில்லாமல், றிச்மண்டின் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும்படியும் பையனைத் தூண்டினார். கன்னங்கரா அதில் வென்று காலிக்குச் சென்றார்.

றிச்மண்டில் அவர் கணிதத்தில் சிறந்து விளங்கினார். கேம்பிறிட்ஜ் பரீட்சையில் எண்கணிதத்துக்குப் பிரித்தானியப் பேரரசிலேயே முதலிடம் பெற்றார். 1903இல் கிரிக்கெட் அணியின் தலைவரும் அவரே. வீட்டில் வருமானம் குறைந்து படிப்பு தடைப்படும் நிலை வந்தபோது, டரல் பாதிரியார் விடுதியில் அவரை இலவசமாக வைத்துக்கொண்டார். ஒரு பிள்ளையின் கல்வி ஒரு நல்ல மனிதரின் இரக்கத்தில் தங்கியிருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரக்கம் கிடைக்காத பையன்கள் ரன்தொம்பேயில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பிற்காலத்தில் கன்னங்கரா செய்த எல்லாவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது என்பது எமது எண்ணம். 

டரல் பாதிரியாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக வைத்தியர் என்ற வகையில் எமக்கு மனம் வரவில்லை. 1906இல் கல்லூரி விடுதியில் நெருப்புக் காய்ச்சல், அதாவது தைபொயிட், பரவியது. அவர் நோயுற்ற மாணவர்களைத் தம் கையாலேயே பராமரித்தார். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. காய்ச்சல் அவரையும் பிடித்தது, அதிலேயே இறந்தார். மிஷன் பாடசாலைகளின் ஆதிக்கத்தை எதிர்த்து நின்றவர் என்று கன்னங்கராவைப் பற்றிப் பேசும்போது, அவரை வளர்த்தது ஒரு மிஷனரி என்பதையும், அதை அவர் எந்நாளும் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் றிச்மண்டிலும், மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும், கொழும்பு வெஸ்லியிலும் கணிதம் கற்பித்தார். அத்தோடு சட்டமும் படித்து 1910இல் பிரக்கிராசியாகிக் காலியில் தொழில் தொடங்கினார். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் 1911ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

1915ஐ மறைத்துவிட்டு மேலே போக முடியாது. அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பின்னர் ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து சிங்களவர்கள் பலரைக் கைது செய்தபோது, அவர்களுக்காக நீதிமன்றத்தில் தோன்றியவர்களில் கன்னங்கராவும் இருந்தார். எமது சமூகத்தில் இதை ஒரு குறையாகச் சொல்வோரை நாம் சந்தித்திருக்கிறோம். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வேண்டும் என்பதை மறுக்க எம்மால் இயலாது. நோயாளி யார் என்று பார்த்து மருந்து கொடுப்பதில்லை அல்லவா? முப்பது ஆண்டுகளின் பின் அவர் கொண்டுவந்த திட்டத்தின் பலன் சிங்களப் பிள்ளைக்குப் போலவே முஸ்லிம் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் கிடைத்தது என்பதும் வரலாறே.

1923இல் சட்ட நிரூபண சபைக்குத் தெரிவானார். இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவராகவும் இருந்தார். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் அரசாங்க சபை அமைந்தபோது காலியிலிருந்து தெரிவாகி, கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகவும் அதன்வழி நாட்டின் முதலாவது கல்வி அமைச்சராகவும் ஆனார். 1936இல் மத்துகம தொகுதியிலிருந்து மீண்டும் வந்தார். 1947 வரை பதினாறு ஆண்டுகள் அப்பதவி அவரிடமே இருந்தது.

அவர் பொறுப்பேற்றபோது பாடசாலைகள் எப்படி இருந்தன? இன்றைய பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எம் வயதுக்காரர்களுக்கும் இது தெளிவாகத் தெரியாது. சிங்களத்திலோ தமிழிலோ கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் அவற்றில் படித்தவர் சுயமொழி ஆசிரியராகலாம், கிராமத்துச் சிறு உத்தியோகம் பார்க்கலாம், அதற்கு மேல் கதவு இல்லை. வைத்தியர், சட்டத்தரணி, அரசாங்க சேவை, பல்கலைக்கழகம் எல்லாம் ஆங்கிலப் பாடசாலைக்குப் பின்னால் இருந்தன. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் உண்டு. வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து நீர் சுமந்தவரும் களப்பில் வலை வீசியவரும் அதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது நிர்வாகம். பாடசாலைகளில் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையவை அல்ல. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள். கட்டடம் மிஷனுக்கோ சங்கத்துக்கோ சொந்தம். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். ஆனால் ஆசிரியரை நியமிப்பவரும் நீக்குபவரும், எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பவரும் முகாமையாளர். பணம் பொதுமக்களுடையது, திறப்பு முகாமையாளர் கையில். ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்கும் இடத்துக்கு அருகில் புதிதாகத் திறக்கும் பாடசாலைக்கு உதவிப் பணம் இல்லை என்ற விதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தது. முந்திக்கொண்டவை மிஷன் பாடசாலைகள். பிந்தி விழித்துக்கொண்ட பௌத்தர், சைவர், முஸ்லிம்கள் அந்த விதியால் பட்ட பாடு கொஞ்சமல்ல. பின்னர் பௌத்த பிரம்மஞான சங்கமும், யாழ்ப்பாணத்தில் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் பல பாடசாலைகளை நிறுவின என்றாலும், முறை மாறவில்லை, முகாமையாளர்தான் மாறினார்.

தலவில அன்னம்மாள் ஆலயம் இருக்கும் எமது குடாநாட்டில், கத்தோலிக்கப் பாடசாலைகள் செய்த சேவையைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. எமது மூத்த தலைமுறை ஆண்கள் சிலர் அவற்றில்தான் எழுத்துக் கற்றார்கள். பெண்களின் கதை வேறு. எம்மில் பலரின் உம்மம்மாமார் குர்ஆனை அழகாக ஓதுவார்கள். அரபுத் தமிழில் எழுதிய நூல்களை இராகத்தோடு வாசிப்பார்கள். ஆனால் கொழும்பிலிருந்து மகன் தமிழில் எழுதிய கடிதத்தை வாசிக்க அடுத்த வீட்டுப் பையனைத் தேடுவார்கள். சத்திரசிகிச்சைக்குச் சம்மதப் பத்திரம் நீட்டும்போது, வெட்கத்தோடு பெருவிரலைக் காட்டிய மூதாட்டிகளை நாம் வைத்தியசாலையில் கண்டிருக்கிறோம். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கையில் எழுத வாசிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 70 பேர், பெண்கள் 44 பேர். 1981இல் பெண்கள் 83 பேர். அந்த உயர்வுக்குள் எங்கள் உம்மாமார் இருக்கிறார்கள்.

கன்னங்கரா முதலில் கையில் எடுத்தது சட்டத்தை. 1939இல் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1940இல் கல்வி நிலையை ஆராய ஒரு விசேட குழு நியமிக்கப்பட்டது, தலைவர் அவரே. கல்லூரி அதிபர்கள், மதகுருமார், பல்கலைக்கழகத்தினர், அரசாங்க சபை உறுப்பினர் என்று பல கருத்துடையோர் அதில் இருந்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்த 1942ஐயும் கடந்து குழு வேலை செய்தது. அறிக்கை 1943இல் வெளியானது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும். ஆரம்ப வகுப்புகளில் போதனை தாய்மொழியில் நடக்க வேண்டும். ஆற்றலுள்ள கிராமத்துப் பிள்ளை மேலே போக வழி வேண்டும். இவை அதன் சாரம். கட்டணத்தை முற்றாக ஒழிக்கும் யோசனையைக் குழுவுக்குள் முன்வைத்தவர் ஏ. ரத்நாயக்க என்று கூறுவோர் உண்டு. அது உண்மையானால் அவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அதைச் சுமந்துகொண்டு சபைக்குள் சென்று அடிபட்டவர் கன்னங்கரா.

1944 மே மாத இறுதியில் விவாதம் தொடங்கியது. அதே மாதம்தான், சிங்களம் மட்டும் என்று ஜே. ஆர். ஜயவர்தன கொண்டுவந்த மொழிப் பிரேரணையில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருகோணமலை – மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா திருத்தம் கொண்டுவந்து வெற்றி கண்டிருந்தார். எமது பிள்ளைகள் தமிழில் படிக்க முடிந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. நிதிப் பொறுப்பாளர்கள் செலவைக் காட்டினார்கள். வேலைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஆங்கிலப் படிப்புக் கொடுத்தால் வயலில் இறங்க ஆள் இருக்காது என்று கவலைப்பட்ட பெரிய மனிதர்களும் இருந்தார்கள். இவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. எளிதல்லாத எதிர்ப்பு கத்தோலிக்கத் திருச்சபையிடமிருந்து வந்தது. புனித சூசையப்பர் கல்லூரி அதிபர் பீற்றர் பிள்ளை அடிகளார் விசேட குழுவிலேயே இருந்து மாறுபட்டவர். கணிதமும் விஞ்ஞானமும் ஆழக் கற்ற தமிழர். ஏழைத் தொழிலாளருக்காக உழைத்தவர். தம் பிள்ளைக்கு எந்தச் சூழலில் கல்வி வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை பெற்றோருடையது, எல்லாப் பாடசாலையும் அரசின் கையில் போனால் அந்த உரிமை அரசியல்வாதியின் கையில் போய்விடும் என்பது அவருடைய வாதத்தின் உள்ளீடு. இதை நாம் மதிக்கிறோம். அரசாங்கப் பாடசாலைகளில் அரசியல்வாதியின் துண்டுக் கடிதத்துக்கு இடமாற்றம் நடப்பதைக் கண்ட எவரும் அந்த அச்சம் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

கன்னங்கராவின் பதில் ஓர் எளிய கணக்கு. தெரிவு செய்யும் உரிமை, கட்டணம் செலுத்தக்கூடிய பெற்றோருக்கும் முகாமையாளர் விரும்பும் பெற்றோருக்கும் மட்டுமே உண்மையில் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரிவே கிடையாது. அவர்களுக்கு முதலில் ஒரு பாடசாலை வேண்டும். அது அவர்களை மறுக்க முடியாத பாடசாலையாக இருக்க வேண்டும். கூட்டங்கள் நடந்தன, மகஜர்கள் குவிந்தன. சபைக்கு வெளியே எழுந்த மக்கள் ஆதரவு உள்ளே தயங்கியவர்களை அசைத்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

கட்டணம் ஒழிந்ததால் உடனடி இலாபம் அடைந்தது ஏற்கெனவே நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளில் இருந்தவர்கள்தான் என்ற விமர்சனம் அக்காலத்திலேயே எழுந்தது. அதில் உண்மை உண்டு. கிராமத்துக்கு உண்மையான வாசலாக அமைந்தவை மத்திய மகா வித்தியாலயங்கள். நகரத்துப் பெரிய கல்லூரிக்குச் சமமான ஆய்வுகூடமும் விடுதியும் கொண்ட பாடசாலைகளை ஊர்ப்புறத்தில் அமைத்து, கிராமத்துப் பிள்ளைகளைப் பரீட்சை மூலம் தெரிந்து, உணவும் தங்குமிடமும் கொடுத்துப் படிப்பிப்பது அத்திட்டம். அவர் பதவியை விட்ட காலத்தை அண்டி 50க்கும் மேற்பட்டவை எழுந்திருந்தன. நாம் நடுங்கிக்கொண்டு எழுதிய ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது. (இன்று அப்பரீட்சை பத்து வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் உம்மாமாரையும் படுத்தும் பாட்டுக்குக் கன்னங்கராவைக் குறை சொல்லக் கூடாது.) றிச்மண்டில் ஒரு பாதிரியார் ஒரு பையனுக்குக் கொடுத்த இலவச விடுதியை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் உரிமையாக மாற்றினார் அவர்.

விடுபட்டவர்களும் உண்டு. மலையகத் தோட்டப் பிள்ளைகள் தோட்ட நிர்வாகத்தின் ஒற்றையறைப் பாடசாலைகளிலேயே விடப்பட்டார்கள். அவற்றை அரசு பொறுப்பேற்க எழுபதுகள் வரை சென்றது. முகாமையாளர் விடயத்திலும் அவரால் முழுமையாக வெல்ல முடியவில்லை. திட்டத்தில் சேராத பாடசாலைகளுக்குக் காலக்கெடு கொடுக்கப்பட்டு, அது பின்னர் நீட்டப்பட்டது. உதவிப் பாடசாலைகள் முகாமையாளர் கையிலேயே தொடர்ந்தன.

1947 பொதுத் தேர்தலில் மத்துகமவில் கன்னங்கரா தோற்றார். நாட்டுக்கு இலவசக் கல்வி கொடுத்த இரண்டாவது ஆண்டிலேயே சொந்தத் தொகுதி அவரைக் கைவிட்டது! செல்வமும் செல்வாக்கும் அவருக்கு எதிராக ஒன்றுசேர்ந்தன என்று எழுதுவோர் பலர். வென்ற வில்மட் பெரேராவும் ஹொரணையில் ஸ்ரீ பாலி கல்விக்கூடத்தை நிறுவியவர் என்பது ஒரு விசித்திரம். கன்னங்கரா பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாக இருந்தார். 1952இல் அகலவத்தையிலிருந்து பாராளுமன்றம் வந்து உள்ளூராட்சி அமைச்சரானார். கல்வி அமைச்சு அவருக்குத் திரும்பவும் கிடைக்கவில்லை. 1956இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார்.

அவர் முடிக்காமல் விட்டது 1960இல் முடிந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசில் கல்வி அமைச்சராக இருந்த கலாநிதி பதியுதீன் மஹ்மூத் கொண்டுவந்த 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும், அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவிப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்கு வந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாக இருந்து எதிர்த்தார்கள். அதன் மனக்காயம் எமது கரையோர ஊர்களில் நெடுநாள் இருந்தது. சில நல்ல பாடசாலைகள் அக்கைமாற்றத்தில் தம் ஒழுங்கை இழந்தன என்பதும் உண்மை. சில கல்லூரிகள் அரச உதவியின்றித் தனியார் பாடசாலைகளாக நிற்கத் தீர்மானித்தன. அது அவர்களின் உரிமை; பொதுப்பணமும் வேண்டும், பொதுவாசல் வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை.

பொதுவாசல் என்றால் என்ன என்பதை நாம் சட்டப் புத்தகத்தில் கற்கவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் கற்றோம். நாம் அப்போது ஐந்தாந்தரம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். மன்னார்த் தீவு மக்களைச் சுமந்த படகுகள் கற்பிட்டிக் கரையை அடைந்தன. பாடசாலைக் கட்டடங்கள் அகதி முகாம்களாகின. வகுப்பறையில் குடும்பங்கள், கரும்பலகைக்கு மேல் ஈரத் துணி. சில வாரங்களில் அந்தப் பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டியிருந்தது. காலையில் நாம், பிற்பகல் அவர்கள். பிறகு பல இடங்களில் ஒரே வாங்கில் இருவரும். சான்றிதழ் இல்லை, பிறப்புப் பத்திரம் இல்லை, சீருடை இல்லை, சிலருக்குச் செருப்பும் இல்லை. எமது அதிபர் சேர்வு இடாப்பைத் திறந்து பெயரை எழுதினார். எங்கள் பெறுபேறு குறைந்துவிடும் என்று முணுமுணுத்த பெற்றோர் இருந்தார்கள். எம் வீட்டிலும் இருந்தார்கள். வகுப்பில் நாற்பது பேர் அறுபது பேரானோம். அவ்வாண்டு நாம் அடைந்த பெறுபேறு பெருமைப்படத்தக்கதல்ல. ஆனால் அந்த அகதிப் பிள்ளைகளுள் ஒருத்தி பின்னர் எம்மோடு மருத்துவ பீடத்தில் உடலைப் பிரித்துப் படித்தாள். இரண்டு பேருக்கும் கட்டணம் இல்லை. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் புத்தளமும் இருந்ததால் வாசல் இன்னும் சற்று அகலமாக இருந்தது.

அன்று எமது பாடசாலையை ஒரு முகாமைத்துவ சபை தன் நிபந்தனைகளோடு நடத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனால் பெறுபேற்றைக் காட்டி நன்கொடை கேட்க வேண்டிய சபை அறுபது பிள்ளைகளை வகுப்பில் விட யோசித்திருக்கும்.

இப்போது பொதுக்கூட்டப் பேச்சுக்கு வருகிறோம். வெளிநாட்டில் வாழும் எமது அன்புச் சகோதரிகள் சிலர் ஒரு யோசனை அனுப்பியிருந்தார்கள். பாடசாலையின் ஒரு பகுதியில் ஆங்கில மொழிமூல வகுப்புகளைச் சங்கம் பொறுப்பேற்று நடத்துவது. கட்டடமும் பெரும்பாலான சம்பளமும் அரசாங்கத்தினுடையவை. மேலதிக ஆசிரியரைச் சங்கம் நியமிக்கும். நேர்முகப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரியும். வசதியுள்ளோர் ஒரு மாதத் தொகை செலுத்துவார்கள். அமெரிக்காவில் சார்ட்டர் பாடசாலைகள் இப்படித்தான் நன்றாக நடக்கின்றன என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களின் நோக்கத்தில் எமக்குச் சந்தேகம் இல்லை. எமது பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இல்லாத ஆண்டுகளை நாமும் அனுபவித்தோம். மருத்துவ பீடத்தின் முதல் விரிவுரையில் ஒரு சொல்லும் விளங்காமல் அழுதிருக்கிறோம்.

அமெரிக்காவின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். சார்ட்டர் பாடசாலைக்கான முதலாவது சட்டம் 1991இல் மினசோட்டாவில் வந்தது. வரிப்பணத்தில் நடந்தாலும் அரசின் வழமையான நிர்வாகத்துக்கு வெளியே, தனிச் சபையின் கீழ் இயங்குபவை அவை. அங்கே கட்டணம் அறவிட முடியாது, விண்ணப்பம் கூடினால் பொதுவாகச் சீட்டுக் குலுக்க வேண்டும். ஆகவே இந்த யோசனை அவற்றையும் விட ஒரு படி மேலே போகிறது. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஒர்லியன்ஸ் நகரத்தில் ஏறத்தாழ எல்லாப் பாடசாலைகளும் அம்முறைக்கு மாற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். பரீட்சைப் பெறுபேறுகள் உயர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதேவேளை, விசேட தேவையுடைய தம் பிள்ளைகளைப் பாடசாலைகள் சேர்க்க மறுக்கின்றன அல்லது கவனிப்பதில்லை என்று பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். நல்ல பெறுபேறு, வெளியே நிற்கும் பிள்ளை, இரண்டும் ஒரே முறையிலிருந்து வந்தவை. 1940களில் கன்னங்கரா கண்டதும் இதையேதான்.

எம் தொழிலிலும் இதைப் பார்த்தோம். மாலபேயில் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரி ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப் பின் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதில் இருதரப்பிலும் மாணவர்கள் பட்ட வேதனையை நாம் கண்டோம். சில எதிர்ப்புகளின் பின்னால் தொழிற் பொறாமையும் இருந்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் இங்கே இடமில்லை.

ஆங்கிலத்துக்கு வழி வேண்டாம் என்பதல்ல எமது பேச்சு. சங்கத்தின் பணத்தில் மாலை வகுப்பு நடத்தலாம், ஆனால் ஆறாந்தரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும். ஆசிரியைக்கு ஊரில் தங்க வசதி செய்து கொடுத்தால் இடமாற்றம் கேட்டு ஓட மாட்டார். தூரத்துப் பிள்ளைகளுக்கு பஸ் பருவச்சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். வலயக் கல்விப் பணிமனைக்கு முன்னால் பெற்றோரோடு நாமும் போய் நிற்கலாம். 1980இலிருந்து பாடநூல் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணி இலவசம். இவை கேட்காமல் தானாக வந்தவை அல்ல.

கன்னங்கராவின் கடைசிக் காலத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. பதினாறு ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர் சொத்துச் சேர்க்கவில்லை. முதுமையில் வருமானம் போதாமல், மருந்துச் செலவுக்கும் அரசாங்கம் உதவித்தொகை வழங்க வேண்டி வந்தது. 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி, 85ஆவது பிறந்த நாளுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது காலமானார். மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் அவர் பெயரில் நினைவுப் பேருரை நடத்துகிறது. எமது பாடசாலையில் அவருடைய படம் இல்லை. இந்த நூற்றாண்டில் ஒன்றை மண்டபத்தில் மாட்டலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம்; சட்டகத்துக்கான செலவு எமது.

ஆங்கிலப் பிரிவு பற்றிய யோசனை அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. வெளிநாட்டுச் சகோதரிகள் எழுத்துமூலம் வாக்களிக்கலாம் என்று யாப்பு சொல்கிறது. நாம் எதிர்த்து வாக்களிப்போம் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே இங்கு அறிவித்துவிட்டோம்.